பிறை பார்த்த சச்சாவும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அத்தாவும்

என் அத்தா ஹஜ்ஜுக்குப் போவதென்று முடிவானதும் ஆம்பூரில் அவரைவிட அதிகமாக அலைந்தவன் நான்தான். ஹஜ்ஜுக்குப் போகிறவர் பழகிய எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவர்கள், வண்டிக்காரர், சலவைக்காரர் எல்லோரிடமும் அத்தா கேட்டார். எதிர்வீட்டில் இருந்த சொந்தத் தம்பியான என் சச்சாவிடம் மட்டும் கேட்கவில்லை.

பல வருஷங்களுக்கு முன் ஒரு நோன்பு மாதக் கடைசியில், பெருநாள் பிறையைப் பார்த்ததாகச் சச்சா பள்ளிவாசலில் சொன்னார். அவர் கண்ணை நம்பி நோன்பை விட முடியாது என்று அத்தா எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டார். ஊர் மறுநாளும் நோன்பு பிடித்தது. மதியம் வேலூரிலிருந்து வந்தவர்கள் அங்கே பெருநாள் தொழுகையே முடிந்துவிட்டது என்றார்கள். பெருநாளில் நோன்பிருப்பது கூடாது. அன்று முதல் இருவரும் பேசுவதில்லை. ஒரே வரிசையில்தான் தொழுவார்கள், ஆளுக்கொரு கோடியில்.

இப்போது நடுவில் நான். எங்கள் வீட்டுக்கு வந்தால் அத்தா மன்னிப்புக் கேட்பார் என்று சொல்லப் போனேன். சச்சா என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"பொய்யன்னு சொன்னது பள்ளிவாசல்ல. மன்னிப்பு மட்டும் வூட்டுக்குள்ளயா? அங்கயே வந்து சொல்லச் சொல்லு."

பொய்யன் என்று நான் சொல்லவே இல்லை, கண் சரியில்லை என்றுதான் சொன்னேன் என்றார் அத்தா. அதைப் போய்ச் சொன்னதும் சச்சாவுக்கு இன்னும் கோபம். வேலையைப் போட்டுவிட்டு ஒரு வாரம் இப்படியே தெருவைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தேன். கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை.

"இந்தத் தெருவையே உங்களால தாண்ட முடியல. கடலை எப்படித்தான் தாண்டப் போறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து எல்லோரும் எழும் நேரத்தில், அத்தா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் தம்பி பார்த்தது பிறைதான். நான்தான் அவசரப்பட்டுப் பேசிட்டேன். மாப் பண்ணச் சொல்லுங்க."

கேட்டுவிட்டார். ஆனால் சொன்னது தம்பியைப் பார்த்து அல்ல, கூடியிருந்த ஜமாஅத்தைப் பார்த்து. சச்சாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மன்னித்துவிட்டதாகச் சொல்லும்படி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பம்பாய் வரை வந்து கப்பலேற்றுவேன் என்று சச்சா எங்களோடு ரயிலேறினார். குடியாத்தம் தாண்டுவதற்குள் அஸர் தொழுகைக்கு நேரமாயிற்று. ஓடுகிற வண்டியில், தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று இருவருக்கும் தகராறு. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யத் தண்ணீர்க் கூஜாவை ஏந்திக்கொண்டு நடுவில் நான் நின்றேன். அவர்கள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் வண்டி வளைந்து திரும்பியது.