வெஸ்ட்ரி மூலைக்கு ஓர் ஆள்

கன்னத்தைத் தேவாலயச் சுவரின் கல்லில் அப்பிக்கொண்டு, இரண்டு கைகளையும் முடிந்தமட்டும் விரித்து, வலதுகை நடுவிரல் தொட்ட இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு இழுக்கிறார் மேவிஸ் ப்ரீஸ். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து, அந்தக் கோட்டில் இடதுகையை வைத்து, மறுபடியும் கன்னத்தை அப்புகிறார். பிப்ரவரிக் குளிர். ஊரின் தபால்காரம்மா அவர்; சீருடையில் அரைக்கால்சட்டைதான் பன்னிரண்டு மாதமும். முழங்கால்கள் பீட்ரூட் நிறத்தில் இருக்கின்றன. வெளியே சிவப்பு வேன் இஞ்சின் அணைக்கப்படாமல் உறுமிக்கொண்டிருக்கிறது. பாதி ஊரின் தபால் இன்னும் அதற்குள் கிடக்கிறது.

"நேத்து மழையில கோடெல்லாம் போச்சு, ராசா. மறுபடி முதல்லேர்ந்து" என்கிறார், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. தேவாலயத்துக்கு எதிரே கடை வைத்திருக்கிற எனக்கு இந்தக் காட்சி பழக்கம். என் பெயர் நாதன். இங்கிலாந்தின் இந்த வென்பரிக் கிராமத்தார் வாயில் அது நேதனாகி வெகுகாலமாகிறது. மேவிஸுக்கு நான் நேதனும் இல்லை, 'தெற்கு வாசல்'.

தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை எல்லா ஊரிலும் பான்கேக் சுடுவார்கள், தின்பார்கள், படுப்பார்கள். வென்பரியில் தின்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஊரார் கைகோத்துத் தேவாலயத்தைச் சுற்றி வளையமாக நின்று, அதைக் கட்டிப்பிடிக்க வேண்டும். இதற்கு 'கிளிப்' என்று பெயர். கட்டிப்பிடிப்பதற்கான பழைய சொல். ஆட்டை நம்பிப் பிழைக்கிற ஊர் என்பதால், மற்ற நாட்களில் எல்லாம் அதே சொல்லுக்கு ஆட்டு ரோமம் கத்தரிப்பது என்று அர்த்தம்.

லண்டனிலிருந்து குடிவந்த ஹ்யூகோ என்பவர், 'செவ்வாயன்று சர்ச் கிளிப்பிங், அனைவரும் வருக' என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு, வேலி வெட்டும் நீளக் கத்தரிக்கோலும் முட்டிவரை பூட்ஸுமாக வந்து நின்றார். ஊரே சிரித்தது. மேவிஸ் மட்டும் சிரிக்கவில்லை. ஹ்யூகோவின் தோள்களை அளவெடுத்துக்கொண்டிருந்தார். "கத்தரிய கீழ வைங்க சார். கை ரெண்டும் இருக்குல்ல, அது போதும்." அன்றிலிருந்து, வளையத்தில் நிற்கிற இடத்தின் பெயரால், ஹ்யூகோ 'மேற்கு ஜன்னல்'.

மனிதர்களின் முகத்தை மேவிஸ் பார்ப்பதே இல்லை என்று நினைக்கிறேன். பார்சல் கொடுக்கப் போனால், "கையெழுத்து கெடக்கட்டும், கைய நீட்டுங்க" என்பார். நீட்டிய கை குட்டையாக இருந்தால் முகம் வாடிவிடும். நிறைமாதக்காரி ஒருத்தி, தன்னால் முடியாது என்று தயங்கியபோது, "வயிறு முன்னாடிதானே இருக்கு? எனக்கு வேண்டியது பக்கவாட்டுல" என்று அவளையும் சேர்த்துவிட்டார். சாண்ட்விச்சை நின்றபடியே தின்பார். என் கடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருப்பார். ஞாயிறு ஆராதனையில்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. கோயிற்பொறுப்பாளர் என்ற சாக்கில் பின்னால் நடந்துகொண்டே இருப்பார்.

இந்தப் பறப்புக்குக் காரணம் போன வருஷம். வளையம் சேரவில்லை. ஓர் ஆள் நிற்கிற இடம் வெறுமையாகக் கிடந்தது. ஏழு கோயில்களைத் தனியாளாகக் கட்டி மேய்க்கிற போதகர் ஃபிலிப்பா, தோளில் கைபோட்டுச் சொன்னார்: "அடுத்த வருஷமும் சேரலேன்னா, பான்கேக்கோட நிறுத்திக்கலாம் மேவிஸ். ஆளுக்கு நான் எங்க போவேன்?" அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். மேவிஸின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. "இன்னிக்கு கட்டிப்பிடிக்க ஆளில்லம்பாங்க. நாளைக்குக் கதவத் தொறக்க ஆளில்லம்பாங்க. பூட்டிட்டு சாவிய ஊர் மாத்திருவாங்க" என்று அன்றே என் கடையில் வந்து புலம்பினார். எங்களுக்குக் கிடைத்திருப்பது இந்த ஒரு வருஷம்.

தேவாலயத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மேவிஸிடம் மாட்டினால், சரித்திரம் முழுக்கக் கைக்கணக்கில்தான் கிடைக்கும். "நடுவுல இருக்கிற தடிச்சுவர் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தி நார்மன்காரன் கட்டினது. தங்கமான மனுஷன். ஒரு குடும்பம் வந்தா கட்டிப்பிடிச்சிரலாம்."

"சின்னக் குடும்பமா?"

"அந்தக் காலத்துக் குடும்பம்."

கோபுரத்தின் பாதியில் கல்லின் நிறம் மாறுகிறது. கீழே கட்டிய கொத்தர்கள் கொள்ளைநோயில் போய்விட்டார்கள். வெகுகாலம் கழித்து வந்தவர்கள் வேறு மலைக்கல்லை வைத்து முடித்தார்கள். எனக்கு அந்தக் கோட்டைப் பார்த்தால் மனம் கனத்துவிடும். மேவிஸ் அண்ணாந்தும் பார்ப்பதில்லை. "உயரத்துக்கு ஆள் தேவையில்ல, ராசா." வெளியே துருத்தி நிற்கிற முட்டுச்சுவர்கள் என்றால் மட்டும் பல்லைக் கடிப்பார். ஒவ்வொன்றின் மூக்கையும் வளையம் சுற்றிவர வேண்டும், குறுக்கே வெட்டக்கூடாது என்பது அவர் சட்டம்.

அவருக்கு ஜென்மப்பகை யார் என்றால், விக்டோரியா காலத்துப் பண்ணையார் ஒருவர். தன் பெண்கள் ஐந்து பேரும் குடைப்பாவாடையோடு உட்கார இடம் போதவில்லை என்று வடக்கே ஒரு முழுப் பக்கத்தையே சேர்த்துக் கட்டியவர். "அஞ்சு பாவாடைக்கு ஒரு கூடமா? எத்தன பேர் கைய முழுங்குது தெரியுமா?" அதோடு நில்லாமல், போதகர் அங்கி மாட்டிக்கொள்ள ஒரு வெஸ்ட்ரி அறையையும் வடகிழக்கு மூலையில் ஒட்டவைத்தார். அதன் மூலைக்கும் சுற்றுமதிலுக்கும் நடுவே தள்ளுவண்டி நுழையாது. போன வருஷம் வளையம் அறுந்த இடமும் அதுதான்.

அந்த மதிலுக்கு அப்பால் இருப்பது ஐவர் ப்ரீஸின் ஆட்டுக்காடு. ஐவர், மேவிஸின் சொந்த அண்ணன். தெருக்கோடியில் இருக்கிற, வேறு சபைக்காரர்களின் சேப்பலுக்குப் போகிறவர். அப்பாவை அடக்கம் செய்த அன்று, குழிமேட்டில் சேப்பல் போதகரும் ஒரு ஜெபம் சொல்லட்டும் என்று கேட்டார். அப்போதிருந்த குருவானவர் மறுத்துவிட்டார். மேவிஸ் கோயிற்பொறுப்பாளராகக் குருவானவர் பக்கம் நின்றார். "இந்த மதிலுக்குள்ள இனி என் கால் படாது" என்று ஐவர் சொல்லிவிட்டுப் போனவர்தான். அப்பாவின் கல்லறைக்குக்கூட வரவில்லை.

தினமும் அண்ணனின் கடிதங்களைக் கதவுத் துவாரத்தில் போடுகிறவர் மேவிஸ். மணி அடிக்கமாட்டார். வேன் போன சத்தம் கேட்ட பிறகுதான் கதவு திறக்கும். இருவரும் ரொட்டி வாங்க வருவது என்னிடம். "அந்த ஆளு இருமல் மருந்து வாங்கினாரா?" என்று மேவிஸ் கேட்பார். "இன்னும் அரை டவுசர்தான் போடுதா அது?" என்று ஐவர் கேட்பார். நடுவில் நான் ஒருவன் தபால்தலை ஒட்டாத தபால்காரன்.

ஒருமுறை ஐவரிடம் துணிந்து கேட்டேன். "உங்க கை நல்ல நீளம். ஒரு நாள் வந்து நின்னா என்ன?"

"நான் ஆட்டத்தான் கிளிப் பண்ணுவேன், நேதன். கல்லுல ரோமம் மொளைக்கட்டும், சொல்லியனுப்பு."

மேவிஸிடம் இதைச் சொல்லவில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த ஊரில் எதுதான் தெரியாமல் போகிறது!

இந்த வருஷத்துச் செவ்வாய்க்கிழமை பனியும் மழையும் கலந்து கொட்டியது. இரண்டு பண்ணை வீடுகளில் காய்ச்சல். மேவிஸ் கல்லறைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார். "கையுறையக் கழட்டுங்க! தோலோட தோல்! மப்ளர் கூடாது, நாய்ச்சங்கிலி கூடாது!" வளையம் இழுபட்டு இழுபட்டு, தெற்கு வாசலில் நிற்க வேண்டிய நான் கிழக்குச் சுவரைத் தாண்டி வெஸ்ட்ரி மூலைக்கே வந்துவிட்டேன். என் இடதுகையில் பள்ளிக்கூட ஆசிரியையின் ஈரக்கை. மூலைக்கு அந்தப் பக்கம் மேவிஸ். அவருடைய வலதுகையை ஹ்யூகோ பிடித்திருந்தார். எனக்கும் மேவிஸுக்கும் நடுவே, போன வருஷத்து வெற்றிடம் அப்படியே இருந்தது.

"இழுங்க!" என்று கத்தினார். இழுத்தோம். கோபுரத்துப் பக்கமிருந்து "கை பிய்யுது மேவிஸ்!" என்று ஓர் அலறல். ஹ்யூகோ தயங்கித் தயங்கி, "என் மப்ளர் நல்ல நீளம், யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றார் மேவிஸ். இடதுகையைப் பிடிக்க ஆளில்லாததால் அதன் கையுறையை அவர் இன்னும் கழற்றியிருக்கவில்லை. போதகர் ஃபிலிப்பா எங்கிருந்தோ, "போதும்மா, எல்லாரும் நனையறாங்க" என்றார். சொல்லக் கூச்சமில்லை, எனக்கு அழுகை வந்தது. அது என் கோயில்கூட இல்லை.

மதிலுக்கு அப்பால் ஓர் இருமல் கேட்டது.

ஐவர், ஆடுகளுக்கு முள்ளங்கி கொட்டிய சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாகவோ தெரியாது. தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பிறகு மதிலைப் பார்த்தார். அது அவருக்கு நெஞ்சளவுதான்.

"கிளிப் பண்ண ஆடு எதுவும் இல்ல இன்னிக்கு" என்றார் என்னிடம். "கை சும்மாதான் கெடக்கு."

சாக்கைப் போட்டுவிட்டு, வயிற்றை மதிலில் சாய்த்து, இரண்டு கைகளையும் இந்தப் பக்கம் நீட்டினார். ஒரு கை என் கையை இறுகப் பிடித்தது. சொரசொரப்பான, சூடான கை. இன்னொரு கை மேவிஸை நோக்கி விரிந்து நின்றது.

"என் காட்டுலதான் நிக்கிறேன்" என்றார், வெஸ்ட்ரிச் சுவரைப் பார்த்து. "சொன்ன சொல்லு சொன்னதுதான்."

மேவிஸ் மதிலுக்கு மேலாக எட்டி அண்ணனின் பூட்ஸைப் பார்த்தார். அவை சேற்றில், அந்தப் பக்கம்தான் இருந்தன. வலதுகையை ஹ்யூகோவிடமிருந்து விடுவிக்காமலே, இடதுகையுறையின் விரல்நுனியைப் பல்லால் கடித்து உருவினார். அதை வாயில் கவ்வியபடியே, வெறுங்கையை நீட்டினார்.