மேட்டுக் குழியில் இருமியவன்

நம்பினால் நம்புங்கள். இது எனக்கே நடந்தது. 1853 ஜூன் மாதம், விக்டோரியா தங்க வயல். அங்கே ஜூன் என்றால் கடுங்குளிர் காலம். காலை பத்து மணி. பட்டப்பகல்.

தங்கம் அகப்பட்டதும் அரசாங்கம் செய்த முதல் வேலை, தோண்டுகிறவன் தலையில் உரிமக் கட்டணத்தைக் கட்டியதுதான். மண்ணே கிடைத்தாலும் மாதாமாதம் கட்ட வேண்டும். உரிமச் சீட்டு இல்லாதவனைப் பிடித்தால் அடைத்துவைக்கச் சிறை கிடையாது. திறந்த வெளியில் மரத்துண்டோடு சேர்த்துச் சங்கிலி போடுவார்கள். அந்தக் குளிரில் ஓர் இரவு கிடந்தால் பிழைப்பது அரிது. என்னிடம் சீட்டு இல்லை.

"ஜோ... ஜோ..."

குதிரைப் போலீஸ் வந்தால் பள்ளத்தாக்கே இப்படித்தான் கத்தும்.

பக்கத்துக் குழிக்காரர் கீஹோ சிரித்தார். "ஜேகோ, உன் மாமனார் வீட்டு ஆளுங்க வர்றாங்கடா. ஓடு."

"எங்க ஓடுறது அண்ணே? சுத்தி வளைச்சுட்டாங்க. அந்த மேட்டுக் குழில எறக்கி விடுங்க."

அவர் சிரிப்பு நின்றது. "அது வேணாம்டா."

"வேற வழி?"

கயிற்றில் இறக்கினார்.

கீழே கும்மிருட்டு. ஈர மண் வாசனை.

பக்கத்தில் யாரோ இருமினார்கள்.

என்னைப்போல் இன்னொருவன் ஒளிந்திருக்கிறான் என்று நினைத்தேன். "இருமாதடா பாவி," என்று முணுமுணுத்தேன்.

டக்... டக்... குளம்போசை. குழிவாயில் நின்றது.

மறுபடி இருமல்.

தடவினேன். தாடி. வாய். அழுத்திப் பொத்தினேன். திமிறினான். கட்டைவிரலடியில் கடித்தான். நான் விடவில்லை...

திமிறல் நின்றது.

குளம்போசை விலகியது.

மூச்சு இல்லை...

கொன்றுவிட்டேன். "அண்ணே, வெளிச்சம் காட்டுங்க," என்று கத்தினேன்.

மெழுகுவர்த்தி கயிற்றில் இறங்கியது. குழியில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஒளிய ஒரு பொந்துகூட இல்லை.

மேலே வந்ததும் கையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். "யாரோ இருமுனான் அண்ணே. வாயப் பொத்துனேன்."

கீஹோ அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். போன குளிர்காலத்தில் இதே போலீஸுக்குப் பயந்து அவரும் தம்பியும் அதே குழியில் ஒளிந்தார்களாம். தம்பிக்கு நெஞ்சுச் சளி. குதிரைகள் போகும்வரை அவன் வாயைப் பொத்திப் பிடித்திருந்தாராம்.

"குளுருல செத்தான்னு ஊருக்குச் சொன்னேன்," என்றார்.

குனிந்தபடி, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"கடிச்சானா?"

கடித்ததை நான் சொல்லவே இல்லை.