சந்துக்குள் வந்த கப்பல்

எங்கள் தீவின் ஜங்லிகாட்டில், எங்கள் சந்துப் பிள்ளைகள் சிக்னல் விளையாடுகிறார்கள். "லால்! ருக்கோ!" - சிவப்பு, நில் - என்ற இந்திக் கத்தல் ஜன்னல் வரை வருகிறது. அந்தச் சத்தத்தில் எனக்குப் பத்து வயதாகிவிடுகிறது.

அன்றும் மழை விட்ட மாலை. தகரக் கூரைகள் சொட்டுகின்றன. யார் வீட்டிலோ மீன் பொரிகிறது. நாங்கள் யாரும் சாலைச் சிக்னல் விளக்கைப் பார்த்ததே இல்லை. விடுமுறைக்கு மதுரையிலிருந்து கப்பலில் வந்த செல்வி அக்காதான் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தாள். சிவப்பு ரிப்பனுக்கு நிற்க வேண்டும், பச்சைக்கு ஓட வேண்டும். தப்பு செய்தால் ஆட்டத்தில் இடமில்லை.

சிக்னலாக நின்ற என் தோழி ரஜியா இரண்டு ரிப்பன்களையும் ஒன்றாகத் தூக்கினாள்.

"அடி லூசு, இப்ப நிக்கவா, ஓடவா? போ வெளியே," என்றாள் அக்கா.

ரஜியாவின் கண்கள் நிறைந்தன. ஆனாலும் அவள் நகரவில்லை. அவள் அப்பா கப்பலில் வேலை செய்பவர்.

"வாப்பா சொல்லியிருக்காங்க. ராத்திரியில கப்பலோட ரெண்டு பக்க விளக்கும், சிவப்பும் பச்சையும், சேர்ந்து தெரிஞ்சா அது நேரா நம்ம மேல வருதுன்னு அர்த்தம். ஹட்டோ, விலகுங்க!"

கைகளை விரித்து, ஈரச் சந்தில் மெதுவாக மிதப்பதுபோல் வந்தாள். நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். அக்காவும் ஒதுங்கி வழிவிட்டாள்.

பிறகு அக்கா ரிப்பன்களுக்குக் கை நீட்டினாள். "அடுத்த கப்பல் நான்," என்றாள்.