பெரியப்பா வெட்டிய கடைசிக் குழி

"பந்த ஒழுங்கா தட்டத் தெரியாது இவனுங்களுக்கு. குழி வெட்டினவன் மேல பாயறானுங்க!"

சாப்பிட உட்கார்ந்தால், முதல் கவளத்துக்கு முன்னால் பெரியப்பா வாயிலிருந்து இந்தத் திட்டு வந்தாக வேண்டும். ஒருநாள் கூடத்தில் நின்று அவர் குரலில் சொல்லிப் பார்த்தேன். "வந்துட்டீங்களா? கை கழுவுங்க" என்றாள் உள்ளேயிருந்து பெரியம்மா. பெரியப்பா அப்போது வேலையில் இருந்தார்.

வேலை, பேர்பெற்ற ஒரு கோல்ஃப் மைதானத்தில். அதில் உறுப்பினராக வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆன பிறகு, குளத்திலும் மணல் பள்ளத்திலும் பந்தைத் தொலைத்துவிட்டு முழிக்க வேண்டும். அங்கே இருபத்தாறு வருடமாகப் புல் வெட்டியவர் பெரியப்பா. பந்து விழ வேண்டிய குழி ஒரே இடத்தில் இருந்தால் சுற்றிலும் புல் தேய்ந்துவிடும். அதனால் தினமும் காலையில் இரும்புக் குழாயைத் திருகி வேறு இடத்தில் வெட்டுவார். அங்கிருந்து வந்த மண்ணால் பழைய குழியை மூடுவார். எங்கே வெட்டுவது என்பது அவர் இஷ்டம். முந்தின நாள் யாராவது அதட்டியிருந்தால், குழி அங்கிருக்கும் மேட்டின் உச்சியில் போய் உட்கார்ந்துவிடும்.

"யாருய்யா இங்க வெட்டினது?" என்று மூக்கால் கத்துவார் உறுப்பினரான ஒரு டாக்டர்.

"நான்தான் சார். ரெண்டே தட்டு, விழுந்துடும் சார்." பெரியப்பா குரலில் வெண்ணெய் வழியும்.

வருடத்தில் ஒரு நாள் ஊழியர்கள் ஆடலாம். முட்டி வலி என்று எப்போதும் நழுவுகிற பெரியப்பாவை, ஓய்வு பெறும் வருடம் அவருடைய கூட்டாளிகள் விடவில்லை. கிளப் எலக்ட்ரீஷியனும் சமையல்காரரும் இழுத்துப் போனார்கள். வேடிக்கை பார்க்க நாங்களும் போனோம்.

மொத்தம் பதினெட்டில் பதினேழு குழி முடிவதற்குள் பெரியப்பாவின் நாலு பந்தைக் குளம் விழுங்கியது. மணல் பள்ளத்தில் இறங்கிய சமையல்காரர் வெகுநேரம் ஏறி வரவே இல்லை.

"என்னய்யா, மாவு சலிக்கிறியா?" என்றார் எலக்ட்ரீஷியன். பிறகு பெரியப்பா பக்கம் திரும்பினார். "ரெண்டே தட்டுன்னு டாக்டருக்குப் பாடம் எடுப்பியே. கடைசிக் குழிகிட்ட பந்து வந்ததும் நீ ரெண்டே தட்டுல போடு பாப்போம். போடலன்னா இனிமே எந்த மெம்பரையும் திட்டக் கூடாது."

"வீட்டுலயுமா?"

"வீட்டுலதான் முக்கியமா!" என்றாள் பெரியம்மா.

பெரியப்பா யோசித்தார். அந்தத் திட்டு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. இருந்தாலும், "சரி, வாக்கு" என்றார்.

எப்படியோ குழியிலிருந்து ஆறடி தூரத்துக்குப் பந்து வந்தது. அப்போதுதான் குழியில் நட்டிருந்த கொடியை நிமிர்ந்து பார்த்தார். முகம் சுருங்கியது. நேற்று டாக்டர் கத்தியிருந்தார். காலையில் கை பழக்கதோஷத்தில், இன்று ஆடப்போவது யார் என்பதை மறந்து, மேட்டின் உச்சியில் வெட்டியிருந்தது.

முதல் தட்டு. பந்து ஏறியது, குழியை எட்டிப் பார்த்தது, திரும்பி வந்து அவர் செருப்பில் முட்டியது. இரண்டாவது தட்டில் மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிப் போனது. பந்தயத்தில் அங்கேயே தோற்றாயிற்று. ஆனாலும் பெரியப்பா விடவில்லை. ஒன்பதாவது தட்டில்தான் பந்து விழுந்தது.

"யாருய்யா இங்க வெட்டினது?" என்றார் சமையல்காரர், டாக்டரைப் போலவே மூக்கால். எனக்கே பொறாமையாக இருந்தது.

பெரியப்பா குனிந்து பந்தை எடுத்தார். குழியின் ஓரத்தில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்தார். கொடியை நேராக நட்டார்.

"இனிமே யாரத் திட்டுவே?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"குழி இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கு. மெம்பருங்களத் திட்ட மாட்டேன், வாக்குன்னா வாக்கு. ஆனா பந்த ஒழுங்கா தட்டத் தெரியாத இந்தக் கெழவன் மெம்பர் இல்லையே, இவனத் தெனமும் சாப்பாட்டுக்கு முன்னாடி திட்டுவேன்!"