திருவிருந்துக்கு வராத உபதேசியாரம்மா

ஜெபக்கூடத்து வாசலில், ஈரச் சாக்கு சுற்றிய ஒரு தண்ணீர்ப் பானை இருக்கும். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையோரம் அது. யுத்தத்துக்குச் சில வருடம் முன்பு அங்கே மிஷன் பள்ளிக்கூட வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தேன். உபதேசியார் ஊர் ஊராகச் சுற்றுகிற மனிதர். ஜெபக்கூடமும் பானையும் அவர் மனைவியின் பொறுப்பு. களைத்து வருகிற அந்நியரை உபசரித்தால் அது ஆண்டவரையே உபசரிப்பது என்று அந்த அம்மாள் நம்பினார். வெறும் வாய்ப்பேச்சு இல்லை. விடிவதற்குள் இரண்டு மைல் நடந்து தண்ணீர் சுமந்தார்.

ஆனால் வருகிறவர்கள் சும்மா குடித்துவிட்டுப் போவார்களா? கையைக் குவித்துக்கொண்டே, "நீங்க எந்தச் சனமுங்க?" என்பார்கள். அவர் மறைக்கவே மாட்டார். "சேரிக்காரங்கதானுங்க. வேதத்துக்கு வந்தவங்க." குவிந்த கை இறங்கிவிடும். பெரும்பாலோர் வறண்ட நாக்கோடு நடையைக் கட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "எதுக்குங்கம்மா சொல்றீங்க? குடியானவர் ஊடுன்னு சொல்லி ஊத்துங்க. யாரு வந்து பாக்கப் போறா?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். "பொய்யச் சொல்லி ஊத்துனா அது ஆண்டவருக்கு எப்பிடிங்க வாத்தியாரே போய்ச் சேரும்?" என்றார்.

கிணறெல்லாம் வற்றிப்போன ஒரு சித்திரை. நடுப்பகலில் ஒரு கிழவர் ஐந்து வயதுப் பேத்தியோடு வந்தார். குழந்தையின் உதடு வெடித்திருந்தது. கிழவர் கேட்டார், அம்மாள் உள்ளதைச் சொன்னார். "வா சாமி, போலாம்" என்று கிழவர் குழந்தையை இழுத்துக்கொண்டு நடந்தார். அது பானையையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. அம்மாள் செம்போடு பின்னாலேயே ஓடினார். "புள்ளைக்கு மட்டுமாச்சும் குடுங்கய்யா!" கிழவர் தடியை ஓங்கினார். அடுத்த ஊர் எட்டுவதற்குள் குழந்தை சுருண்டு விழுந்து செத்துப்போனதாகச் சாயங்காலம் ஒரு வண்டிக்காரன் வந்து சொன்னான். ஐயோ, அம்மாள் அன்று அழவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் பானை ஜெபக்கூடத்து வாசலில் இல்லை. எட்டப் போய் ஒரு புளியமரத்தடியில் வைத்திருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம், "குடியானவர் ஊடுதானுங்க, குடிங்க" என்றார். வெளியூர்க்காரர்கள் நம்பி, வயிறாரக் குடித்தார்கள். ஒருவழியாகப் புத்தி வந்ததே என்று நான் மனதுக்குள் சந்தோஷப்பட்டேன், முட்டாள்.

அந்த மாதம் போதகர் வந்து, நீட்டிய கைகளில் அப்பம் வைத்துத் திருவிருந்து கொடுத்தபோது அம்மாள் எழுந்து வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அப்பத்தைச் சுட்டு வைத்ததே அவர்தான். என்ன என்று கேட்டேன். "தப்புன்னு தெரியுமுங்க. ஆனா நாளைக்கும் இதயேதான் சொல்லப் போறேன். அப்புறம் மனந்திரும்பிட்டேன்னு எப்பிடிங்க கை நீட்டறது?" என்றார்.

ஏழு வருடம் கடைசிப் பாயிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு விஷக்காய்ச்சலில், திருவிருந்து வாங்காமலே போய்ச் சேர்ந்தார். இப்போது அந்தச் சாலையில் பஸ் ஓடுகிறது. காப்பிக்கடையில் தண்ணீர் கொடுப்பவனை யாரும் எந்தச் சனமென்று கேட்பதில்லை. அந்தப் பொய்யை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த ஏழு வருடமும், ஒரு மாதம்கூட விடாமல், முதல் ஆளாகப் போய் நின்று கை நீட்டினேன்.