ஏவிஸின் பச்சைக் கைப்பை

ஷெஃபீல்ட் நகரத்துப் பார்க்குகளைப் பற்றிச் சந்தேகம் வந்தால் கவுன்சில் ஆபீசுக்குப் போன் போடுவதை விட ஏவிஸ் ஹாட்டர்ஸ்லியைக் கேட்பது மேல். எந்தப் பார்க்கின் எந்த வாசலை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள், எந்த டீக்கடையில் ஸ்கோன் நேற்றுச் சுட்டது, எந்த பெஞ்சில் உட்கார்ந்தால் சாரல் முதுகில் அடிக்காது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். முப்பத்தொரு வருஷம் அந்த ஊர் மேடுகளில் பஸ் ஓட்டியவள். லீவு கிடைத்தால் மற்ற டிரைவர்கள் காலை நீட்டிப் படுப்பார்கள். ஏவிஸ் தன் புருஷன் டெரிக்கை இழுத்துக்கொண்டு தோட்டம் பார்க்கக் கிளம்பிவிடுவாள். பொட்டானிக்கல் கார்டனில், ஒரு காலத்தில் கரடி வளர்த்த பழைய குழி வரைக்கும் ஒரு நடை. அது அலுத்தால் ஊரைச் சுற்றியிருக்கிற பழைய மாளிகைத் தோட்டங்கள், ஒன்று விடாமல்.

போகும்போது கையில் ஒரு பச்சைக் கைப்பை இருக்கும். அதில் பர்ஸ், இருமல் மிட்டாய், மடக்குக் குடை, ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் தண்ணீரில் நனைத்து மடித்த டிஷ்யூ. அந்த ஈர டிஷ்யூ எதற்கு என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். பாதிப் பேர் பையில் அது இருக்கும். பெரிய தோட்டத்தில் மனசுக்குப் பிடித்த செடி கண்ணில் பட்டால் சுற்றுமுற்றும் ஒரு பார்வை, நுனியில் ஒரு விரல் நீளம், அவ்வளவுதான், பைக்குள் போய்விடும். பஸ்ஸில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறையைக்கூட டெப்போவில் ஒப்படைக்கிற ஜனங்கள்தான் இவர்கள். செடியைக் கண்டால் மட்டும் கை அரிக்கும்.

இப்படிக் கிள்ளி வந்த நுனி, காசு கொடுத்து வாங்கியதை விட நன்றாக வேர் பிடிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. இன்னொரு நம்பிக்கையும் உண்டு. யாராவது செடி கொடுத்தால் நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் அந்தச் செடி செத்துப்போகும். சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்திக் கொடுத்தாலே மூன்று தடவை நன்றி சொல்கிறவர்கள், செடி என்று வந்தால் வாயை இறுக மூடிக்கொள்வார்கள். ஏவிஸின் பக்கத்து வீட்டுக்கு லண்டனிலிருந்து குடிவந்த பெண், ஏவிஸ் கொடுத்த ஜெரேனியத்துக்குத் தெரியாத்தனமாக நன்றி சொல்லிவிட்டாள். பத்தே நாளில் அது தலையைத் தொங்கப்போட்டது. அந்தப் பெண் ஒரு நாள்கூடத் தண்ணீர் ஊற்றவில்லை என்பதை ஏவிஸ் ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

கிள்ளுவதிலும் அவளுக்கு ஒரு கறார் உண்டு. ஒற்றைச் செடியாக நிற்பதைத் தொட மாட்டாள். வேரைத் தொட மாட்டாள். ஒரு தோட்டத்தில் ஒரு நாளைக்கு ஒன்றுதான், தங்கத்தில் பூத்தாலும் இரண்டாவது கிடையாது.

டெரிக் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்கும் மூன்று வருஷம் முன்பு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, ஊருக்கு மேற்கே மேட்டுநிலத்தின் விளிம்பில் இருக்கும் தார்ன்ஸ்கார் மாளிகைத் தோட்டத்தில் வாலண்டியர் கைடாகச் சேர்ந்தாள். சனிக்கிழமை பதினொரு மணி நடை அவளுடையது. இருபது பேரைக் கூட்டிக்கொண்டு மதிலுக்குள் ஒரு சுற்று. பஸ் ஓட்டிய குரல் அல்லவா, கடைசி ஆளுக்கும் கணீரென்று கேட்கும். சின்னவர், பெரியவர், மேயர் யாராக இருந்தாலும் "இப்படி வா கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். டெரிக் போன பிறகு அவளுக்கு வாரம் என்று ஒன்று மிச்சமிருந்தது என்றால் அது சனிக்கிழமையால்தான். சட்டையில் குத்தியிருக்கும் அந்தப் பித்தளை பேட்ஜை வெள்ளிக்கிழமை ராத்திரியே துடைத்து வைத்துவிடுவாள்.

அந்தத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரன் ப்ராட்பென்ட். நாற்பத்தைந்து வயது, வாயிலிருந்து வார்த்தை வாங்குவது கஷ்டம். கிள்ளுகிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகவே ஆகாது. போன வருஷம் ஒரு ரிட்டயர்டு தலைமை ஆசிரியை லாவெண்டரோடு பிடிபட்டாள். வாசலிலேயே பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னான். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் அவனே பெரிய வாசலில் நின்று, வருகிறவர் போகிறவர் கைப்பையை எல்லாம் திறந்து பார்க்கிறான். தோட்டத்தை நடத்துகிற டிரஸ்டின் சேர்மன் ஜூலியன் பெம்பர்டன், பாவம், நல்ல மனிதர்; ஆனால் ரோஜாவுக்கும் ராஸ்பெரிக்கும் வித்தியாசம் காய்த்த பிறகுதான் அவருக்குத் தெரியும். அவர் ஒரு விதி எழுதினார்: வாலண்டியர் யாராவது செடியில் கை வைத்தால் அன்றைக்கே பேட்ஜ் போய்விடும். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஏவிஸும் போட்டாள். பேனா அந்தப் பச்சைப் பையிலிருந்துதான் வந்தது.

இந்த வருஷம் மே மாதக் கூட்டத்தில், தொட்டிகள் அடுக்கிய கொட்டகையில் எல்லாரும் டீயும் எலுமிச்சைக் கேக்குமாக உட்கார்ந்திருந்தபோது ப்ராட்பென்ட் எழுந்து நின்றான்.

"லேஸ் போயிடுச்சு," என்றான். "குளிர்காலம் பூரா விடாத மழை. வேர் அழுகிடுச்சு. நாப்பது செடி, ஒண்ணுகூட மிச்சமில்ல."

தார்ன்ஸ்கார் லேஸ் என்றால் சின்னக் கார்னேஷன் மாதிரி ஒரு பூ. வெள்ளை இதழ், ஓரத்தில் ஒயின் நிறத்தில் தையல் போட்ட மாதிரி ஒரு கோடு, முகர்ந்தால் கிராம்பு வாசனை. அந்த மாளிகையில் தினக்கூலிக்கு மண் வெட்டிய ஒருவன் நூற்றெண்பது வருஷத்துக்கு முன்னால் உண்டாக்கியது. மூன்று நான்கு வருஷத்துக்கு மேல் ஒரு செடி நிற்காது. நுனியை எடுத்து நட்டு, அது வளர்ந்ததும் அதன் நுனியை எடுத்து நட்டு, இப்படியே காப்பாற்றிக்கொண்டு வர வேண்டும்.

"எல்லா நர்சரியிலயும் கேட்டுட்டேன். பழைய செடிகளைச் சேர்த்து வைக்கிறவங்களையும் கேட்டுட்டேன். யார்கிட்டயும் இல்ல. இத்தன பேர் கையைத் தாண்டி வந்தது, என் கையில வந்து போயிடுச்சு." சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவன் கேக்கைத் தொடவில்லை.

ஏவிஸ் கடித்த கேக்கைத் தட்டில் திரும்ப வைத்தாள். வாக்லி மேட்டில் அவள் வீட்டுக் கொல்லையில், பழைய கல்தொட்டியில், பதினான்கு லேஸ் செடிகள் மொட்டு விட்டு நின்றன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது ஜூலையில் கிள்ளியது. டெரிக் குடையை விரித்து மறைத்துக்கொண்டு, எதிரே வந்த பாதிரியாரிடம் மழை எப்போது விடும் என்று பேச்சுக் கொடுத்தான். மழையே பெய்யவில்லை. பாதிரியார் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அந்த ஒற்றை நுனியிலிருந்து பத்துத் தலைமுறையை அவள் வளர்த்திருக்கிறாள்.

கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது இன்னொரு கைடான லினெட்டிடம் சொன்னாள். லினெட் அவளோடு டெப்போவில் வேலை பார்த்தவள், ஒளிவுமறைவு கிடையாது.

"ராவோட ராவா வாசல்ல ஒரு பெட்டியில வச்சிட்டு வந்துடுடி," என்றாள் லினெட். "யாரு வச்சான்னு எவனுக்குத் தெரியப் போகுது?"

"அது லேஸ்தான்னு யாரு சொல்றது? எங்க எடுத்தது, எப்ப எடுத்ததுன்னு ஒரு ஆள் வாயால சொல்லணும். இல்லன்னா அது ஏதோ ஒரு வெள்ளப்பூ. அந்தப் பேரை ப்ராட்பென்ட் பலகையில எழுதவே மாட்டான்."

"சொன்னா உன் பேட்ஜ் போகும்."

"தெரியும்."

"சனிக்கிழமையில என்ன பண்ணுவ? வீட்ல உக்காந்து சுவத்தப் பாப்பியா?"

ஏவிஸ் பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தாள். "வண்டிய எங்கயாவது இடிச்சா, எறங்கிப் போயி நான்தான் இடிச்சேன்னு சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இதுக்குன்னு புதுசா ஒண்ணு கத்துக்க முடியாது."

பூ விரியட்டும் என்று காத்திருந்தாள். பூவைக் கண்ணால் பார்த்தால்தான் ப்ராட்பென்ட் நம்புவான். நடுவில் மூன்று சனிக்கிழமை வந்தது. மூன்று நடையையும் கடைசி நடை மாதிரியே நடந்தாள். லேஸ் இருந்த பாத்தி வெறும் மண்ணாகக் கிடந்ததைக் கடக்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. ஒரு கிழவர் சால்வியாவின் பக்கம் கையைக் கொண்டு போனபோது, "அதுல கிளை முத்திப்போச்சு கண்ணு, வேர் விடாது," என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, அந்த வெறும் பாத்தியின் ஓரத்தில் ப்ராட்பென்ட் நின்றிருந்தான். பக்கத்தில் பெம்பர்டன், அந்த இடத்தில் பெஞ்சு போடலாமா என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். ஏவிஸ் வந்தாள். பச்சைப் பையை மதில்மேல் வைத்துத் திறந்தாள். ஒவ்வொன்றாக ஆறு சின்னத் தொட்டிகளை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள். இரண்டில் பூ விரிந்திருந்தது.

ப்ராட்பென்ட் குனிந்தான். இதழைத் திருப்பி அடியைப் பார்த்தான். முகர்ந்தான். அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"எங்க கெடச்சுது?"

"இங்கதான். இதே பாத்தியில. எண்பத்தொம்பது ஜூலை, ஒரு செவ்வாக்கிழமை. நான்தான் கிள்ளினேன். என் புருஷன் குடை புடிச்சான்."

பெம்பர்டனுக்கு விஷயம் முழுதாகப் பிடிபடவில்லை. தொலைந்தது கிடைத்துவிட்டது என்பது மட்டும் புரிந்தது. முகம் மலர்ந்து இரண்டு கையையும் நீட்டினார். "ஏவிஸ், டிரஸ்ட் சார்பா உங்களுக்கு ரொம்ப ந..."

"வாயை மூடுங்க சார்," என்றான் ப்ராட்பென்ட்.

பெம்பர்டன் வாழ்க்கையில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. ஏவிஸுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பிறகு பேட்ஜைச் சட்டையிலிருந்து கழற்றி அந்த நீட்டிய கையில் வைத்தாள்.

"உங்க விதிதான் கண்ணு. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

ப்ராட்பென்ட் மண்ணிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினான். "விதி வாலண்டியருக்குத்தான். எண்பத்தொம்பதுல இவங்க பஸ் ஓட்டிட்டு இருந்தாங்க. அது கணக்குல வராது."

பெம்பர்டன் நிம்மதியாக மூச்சு விட்டார். "ஆமா, ஆமா. அது சரியான வாதம். அதுக்கப்புறம் நீங்க எதையும் எடுக்கலதானே ஏவிஸ்?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேட்ஜ் திரும்பி வந்துவிடும். பதினொரு மணிக்கு இன்னும் முக்கால் மணிநேரம்தான் இருந்தது, வாசலில் ஆட்கள் சேரும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்க அவளுக்கு அழுகை வந்தது.

"போன செப்டம்பர்ல நீல சால்வியா," என்றாள். "அதுக்கு முந்தின வருஷம் அந்த மூலையில இருக்கிற ஃப்யூஷியா. அதுக்கும் முந்தி, இருங்க, யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிக்க வேணாம்," என்றார் பெம்பர்டன் மெலிந்த குரலில். பேட்ஜைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவருக்கே அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் விதியை எழுதியவர் அவர்.

ப்ராட்பென்ட் தலையே நிமிரவில்லை. விரலால் மண்ணைப் பறித்து முதல் செடியை இறக்கிக்கொண்டிருந்தான்.

"வீட்ல எத்தன இருக்கு?"

"எட்டு."

"அது அங்கயே இருக்கட்டும். ஒரே எடத்துல வச்சதாலதான் போச்சு. ஜூலையில நுனி எடுங்க."

"எடுக்கிறது எப்படின்னு நீ எனக்குச் சொல்லித் தர வேணாம்," என்றாள் ஏவிஸ்.

காலிப் பையோடு அவள் நடந்தபோது பெம்பர்டன் கூடவே ஓடி வந்தார். "அவன் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் ஏவிஸ். இவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்கீங்க. எனக்கே வெக்கமா இருக்கு."

"நீங்க தோட்டம் போட்டதே இல்லல்ல கண்ணு," என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். அன்றைக்குப் பதினொரு மணி நடையை லினெட் நடத்தினாள். அவள் குரல் மூன்றாவது ஆளைத் தாண்டவில்லை.

அடுத்த வாரம் பூராவும் லினெட் போன் போட்டு ஏவிஸைத் திட்டினாள். சனிக்கிழமை காலையில் ஏவிஸ் ஒன்பது மணிக்கே தயாராகிவிட்டாள். பேட்ஜ் வைக்கும் தட்டு காலியாக இருந்தது, அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் கோட்டை மாட்டிக்கொண்டாள். இந்த ஒன்பது வருஷமும் அவள் போனது வாலண்டியர்களின் பக்கவாசல் வழியாக. இன்றைக்கு எல்லாரையும் போலப் பெரிய வாசலில் டிக்கெட் எடுத்து, எல்லாரையும் போல வரிசையில் நின்றாள்.

வரிசையின் முனையில் ப்ராட்பென்ட் நின்றிருந்தான். பக்கத்தில் ஒரு பூவாளி. முன்னால் இருந்த இரண்டு பெண்களின் பைகளைத் திறந்து, துழாவி, மூடிக் கொடுத்தான். அவள் முறை வந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கையை நீட்டினான். அவளும் மறு பேச்சில்லாமல் பச்சைப் பையைக் கொடுத்தாள்.

பர்ஸைத் தள்ளினான். குடையைத் தள்ளினான். பிளாஸ்டிக் கவரை எடுத்துத் திறந்தான். உள்ளே டிஷ்யூ மடித்தபடி இருந்தது. போன வாரம் இருந்த மனநிலையில் அவள் அதை நனைக்கவே மறந்திருந்தாள். அவன் அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான்.

"காஞ்சு கெடக்கு," என்றான்.

குனிந்து பூவாளியை எடுத்தான். டிஷ்யூவின்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, மடித்து, கவரில் போட்டு, பையை மூடி அவளிடம் கொடுத்தான். அடுத்த ஆளின் பக்கம் திரும்பிவிட்டான்.

ஏவிஸ் நன்றி சொல்லவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.