பக்கச்சுவரில் ஒரு பிளக் பெட்டி

அடுத்தவன் மாட்டிய வயரைப் பார்த்தால் ராயப்பராஜின் முகம் சோற்றில் பல்லி கிடந்தது போல ஆகிவிடும். தாடிக்கொம்பில் முப்பத்தோரு வருஷமாக வயர்மேன். பிளக் இல்லாமல் வயரைச் சுரண்டித் தீக்குச்சி வைத்துச் சொருகுகிறவர்களையும், மூன்று முள் பிளக்கில் தடித்த முள்ளை வெட்டி எறிகிறவர்களையும் கண்டால் காறித் துப்புவார். தாம் மாட்டும் பெட்டிக்குள் மட்டும் 'ரா.ரா.' என்று எழுதித் தேதியும் போட்டு வைப்பார்.

"தப்புன்னா என் சட்டையைப் பிடிக்கணும்ல?" என்பார். அதுவரை யாரும் பிடித்ததில்லை.

2024 டிசம்பர் 19, வியாழக்கிழமை. மூன்று நாள் மழை காலையில்தான் விட்டிருந்தது. ஒன்பதே காலுக்குப் புஷ்பமேரி போன் செய்தார்.

"அண்ணே, துணி காயப்போடுற கம்பி சுருக்குசுருக்குன்னுது. திங்கக்கெழமைலருந்து இப்பிடித்தான். செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் செய்யல."

"அடச் சீ! செருப்பைக் கழட்டினா என்ன செய்யும்னு தெரியுமாத்தா? கம்பிகிட்டயே போகாத. மெயினை நிறுத்து. வாரேன்."

வீட்டின் பக்கச்சுவரில் துணி துவைக்கும் கல்லுக்கு மேலே அந்த இரும்புப் பெட்டி இருந்தது. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கும் குடில் விளக்குக்கும் கரண்ட் எடுப்பதற்காக முன்பு ராயப்பராஜ் மாட்டிக்கொடுத்தது. இப்போது அதன் மேல் பால் கவரை மாட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள். கவருக்குள் இரண்டு விரற்கடைத் தண்ணீர், அதில் ஒரு செத்த கரப்பான். பெட்டியைச் சுவரோடு பிடித்திருந்த இரும்புப் பட்டையில்தான் துணிக்கம்பியைக் கட்டியிருந்தார்கள். ராயப்பராஜ் காறித் துப்பினார்.

"மழை படாம இருக்கட்டும்னுதான் கவரு" என்றார் புஷ்பமேரியின் கணவர் சிலுவைமுத்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்.

"மீன் வளக்குறீகளோன்னு நெனச்சேன். கசிவு வந்தா கரண்டை நிறுத்துறதுக்கு ஒரு டிரிப்பர் வச்சுக் குடுத்தேனே, அது என்னாச்சு சார்?"

"மழை பேஞ்சாலே விழுந்துருதுப்பா. ஸ்டாரு அணைஞ்சா தெருவுல கேக்குறாக. ரொனால்டுதான் போன வருஷம் அதைத் தாண்டி வயரை நேரா இழுத்து விட்டான்." ரொனால்டு அவர் மகன்.

"காவலுக்கு வச்ச நாய் கொரைக்குதுன்னு வாயக் கட்டிட்டீக. பெரிய படிப்பு!"

இன்னும் இருந்தது. நடைபாதைக்கு டைல்ஸ் ஒட்டியவர்கள் எர்த் கம்பியை வெட்டிவிட்டிருந்தார்கள். கசியும் கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லை. அது பெட்டிக்கும், பெட்டியிலிருந்து துணிக்கம்பிக்கும் ஏறிக்கொண்டது. ஈரக் கையும் வெறுங்காலுமாகப் புஷ்பமேரி ஒரு நாள் அந்தக் கம்பியைப் பிடித்திருந்தால் விடுவிக்க முடிந்திருக்காது. ராயப்பராஜ் இதை அப்படியே சொன்னார். அந்த அம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

மெயின் நின்றிருப்பதை டெஸ்டரால் இன்னொரு முறை பார்த்துவிட்டு நான்கு திருகாணிகளையும் கழற்றினார். உள்ளே எல்லாம் துருவும் பச்சைக் களிம்பும். மூடியின் உட்புறம்: ரா.ரா. 16.12.2017.

பெட்டியின் தலையில் ஒரு ஓட்டை. வயர் அதன் வழியாகத்தான் இறங்கியது. அடைப்பு ஒன்றும் இல்லை. மேலிருந்து வந்த குழாயை வளைத்துக் கீழ்ப்பக்கமாக ஏற்ற இன்னும் அரைமணி நேரம் ஆகியிருக்கும். அந்த வாரம் கிறிஸ்துமஸ் அவசரத்தில் ஒன்பது வீடு. தலையிலேயே துளை போட்டு வயரை இறக்கிவிட்டுப் போனது அவர் கைதான். ஏழு வருஷ மழையும் குழாய் வழியே உள்ளே வந்தது. டிரிப்பர் விழுந்ததெல்லாம் அதனால்தான். விழுந்துகொண்டே இருந்ததால்தான் ரொனால்டு அதைத் தாண்டி இழுத்தான்.

எச்சில் ஊறியது. துப்ப இடம் தெரியவில்லை.

"என்னப்பா ராயப்பு, கரப்பான் கடிச்சிருச்சா?"

"ஓட்டை நான் விட்டது சார். கவரு போட்டது நீங்க, ஆனா தண்ணிக்கு வாசல் வச்சது நான்."

சிலுவைமுத்து மூடியை வாங்கிப் படித்தார். "கையெழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மாலை நாலு மணி ஆயிற்று. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியைத் துவைக்கும் கல்லை விட்டுத் தள்ளி, இடுப்புக்கு மேலான உயரத்தில் மாட்டினார். வயரைக் கீழே தொங்கவிட்டு வளைத்து அடியிலிருந்து ஏற்றினார். எர்த் கம்பியைப் புதிதாக இழுத்தார். துணிக்கம்பிக்கு எதிர்ச்சுவரில் தனி ஆணி. டிரிப்பரை மறுபடி சேர்த்தார். மெயினைப் போட்டு நட்சத்திரத்தை எரியவிட்டு, டிரிப்பரின் சோதனைப் பொத்தானை அமுக்கினார். நட்சத்திரம் பட்டென்று அணைந்தது.

"மாசம் ஒருக்கா இப்பிடி அமுக்கிப் பாருங்க. அணையணும். அணையலைன்னாத்தான் பயப்படணும்."

"காபி சாப்டுட்டுப் போங்கண்ணே" என்றார் புஷ்பமேரி.

"தொண்டையில எறங்காதுத்தா."

அடுத்த தெருவில் பாத்திமாவின் வீடு. வண்டியை நிறுத்தும்போதே தெரிந்தது. வெளிச்சுவரில் அதே கிறிஸ்துமஸ் வாரத்தில் அவர் மாட்டிய இரும்புப் பெட்டி, தலையில் குழாய், மேலே ஒரு எண்ணெய்க் கவர். பாத்திமா பக்கெட்டில் ஈரத்துணியோடு வெறுங்காலில் வந்துகொண்டிருந்தாள்.

"என்ன ராயப்பண்ணே, கூப்பிடாமலே வந்துருக்கீக?"

"ஒம்பது வீட்டுல நீ ரெண்டாவது. பக்கெட்டை அங்கனயே வையி. மொதல்ல மெயினை நிறுத்து."